கூடாரம் அடிக்க ஓர் இடம்

ஆசிரியத் தொழிலில் ஊதியம் சிறிதாயினும் விடுமுறை பெரிது என்று எம்மைப் பார்த்துப் பொறாமை கொள்வோர் பலர். அவ்விடுமுறையை எங்கே கழிப்பது என்ற வினா வீட்டில் எழும்போது உண்டாகும் தொல்லையை அவர்கள் அறியார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம், நல்லூர்த் தேரும் தீர்த்தமும் கண்டு முடிந்த மறுநாள் மாலை, எமது வீட்டு விறாந்தையில் அவ்வினா எழுந்தது. எழுப்பியவன் எம் மகன். அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. பாடசாலைச் சாரணர் படையிற் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் விடுமுறையிலும் ஓட்டுக் கூரையின் கீழ் உறங்குவது பெரிய இழுக்கு என்ற எண்ணம் எவ்வாறோ அவன் உள்ளத்திற் புகுந்துவிட்டது.

கண்டியில் உறவினர் வீட்டிலே நான்கு நாள் தங்கி வரலாம் என்று நாம் தொடங்கிய பேச்சை அவன் முடிக்க விடவில்லை.

"இந்த முறை கூடாரம் அடிச்சுத் தங்குவம் அப்பா!" என்றான்.

எட்டு வயது மகள் காரணம் கேளாமலே கை தட்டினாள். எம் இல்லாள், போகும் இடத்திற் குளிக்கவும் கழிக்கவும் ஒழுங்கான வசதி உண்டா என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். சாய்மனைக் கதிரையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எம் அன்னையார்தாம் உரலை நிலத்தில் வைத்துவிட்டு எம்மைப் பார்த்தார்.

"தம்பி, காசு குடுத்தும் ஆரும் தறப்பாளுக்குக் கீழை போய்ப் படுப்பினமே?"

பிள்ளைகள் சிரித்தார்கள். இல்லாளும் சிரித்தாள். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

சாரணர் இதனை முகாம் என்று சொல்வதில்லை, பாசறை என்பர் என்று அன்னையாருக்கு விளக்க முற்பட்டோம். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டிலே, கார்காலத்தில் அரசன் காட்டாற்றின் அருகே அமைத்த பாசறை ஒன்று வருகிறதே. நூற்று மூன்று அடிகளே கொண்ட அச்சிறு பாட்டில் அதற்கு எத்துணை இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றெல்லாம் எடுத்துரைத்தோம். புவியியல் கற்பிக்கும் ஒருவன் தமிழாசிரியரின் வயலில் இறங்கினால் கிடைக்கத் தக்கதே எமக்குக் கிடைத்தது.

"பேரை மாத்தினால் தறப்பாள் ஓட்டுக்கூரை ஆகுமே?" என்று கேட்டுவிட்டு அவர் மீண்டும் உரலை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதியை எம் வயதினர் எவரும் மறவார். வலிகாமத்து மக்கள் அனைவரும் அன்று மாலையிலும் இரவிலும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தடியில் ஓர் அடி வைக்க ஒரு நாழிகை பிடித்தது. மாரி தொடங்கிவிட்டிருந்த காலம். எமக்குப் பதினான்கு வயது. தங்கையர் இருவரும் எம்மிலும் சிறியர். தந்தையார் கொழும்பிலே உத்தியோகம் பார்த்தார். அவரிடமிருந்து கடிதம் வருவதே அரிது. ஆகவே ஒரு சைக்கிள், இரண்டு பயணப்பை, மூன்று பிள்ளைகள் என்ற பொறுப்புகள் எல்லாம் அன்னையார் ஒருவர் தலையிலேயே இருந்தன.

பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிரம்பி வழிந்தன. கொடிகாமத்துக்கு அப்பால் முன்பின் அறியாத ஒருவர் தமது தென்னங்காணியில் இடந்தந்தார். நிவாரணமாகக் கிடைத்த நீலத் தறப்பாள் ஒன்றை நான்கு கம்பில் இழுத்துக் கட்டியதே எமது வீடு. முதலிரவு தென்னையின் கீழேயே கட்டிவிட்டோம். நள்ளிரவில் ஒரு தேங்காய் விழுந்தது. இளைய தங்கையின் தலைக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். விடிந்ததும் அன்னையார் தறப்பாளை அவிழ்த்தார். அந்த ஐந்தரை மாதத்தில் அதே காணிக்குள் மும்முறை எமது வீடு இடம் மாறியது. 1996 சித்திரையில் ஊர் திரும்பினோம்.

எமது வீடு மட்டும் கண்ட காட்சியன்று இது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமிலே வெள்ளைக் கூடாரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றதைப் படத்திலேனும் காணாதவர் இலர். அங்கிருந்து வந்த பிள்ளைகள் பின்னர் எம் வகுப்பிலும் இருந்தார்கள். பாலைநில நாடோடிகளின் வாழ்க்கையைப் பற்றிக் கற்பித்த ஒருநாள், கூடாரத்தில் வாழ்வதன் நன்மைகள் யாவை என்று நாம் கேட்டோம். பாடநூலில் இருந்த கேள்விதான். பின்வரிசையில் ஒரு பையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அதன்பின் அக்கேள்வியை நாம் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

இப்பொழுது எம் மகன் கூடாரம் வேண்டுமென்கிறான். முகமாலைப் பக்கம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்ற காலத்தில் வளர்ந்த மாணவருக்கு நாம் சில ஆண்டுகள் சாரண ஆசிரியராகவும் இருந்தோம். பற்றைக்குள் விறகு பொறுக்கப் போகாதே, பாதையை விட்டு இறங்காதே என்று தடுத்துத் தடுத்துப் பாடசாலை மைதானத்திலேயே பாசறை நடத்தினோம். இவனுக்கு அந்தத் தடை இல்லை. கூடாரம் இவனுக்கு விளையாட்டுப் பொருள். அவ்வாறே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விடியற்புறத்தில் எண்ணினோம். அன்னையாரைத் தனியே விட்டுச் செல்வதோ இயலாத காரியம். அறை ஒன்றும் உள்ள இடமாகப் பார்த்தால் அவர் அறையில் உறங்கட்டும் என்று முடிவுகட்டி, மறுநாள் இலங்கைப் படத்தை மேசையில் விரித்தோம்.

இடந்தேடும் கலையைப் பற்றி ஒரு வார்த்தை. பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இருபது சிறுவரைப் பிரௌன்சித் தீவுக்கு அழைத்துச் சென்று நடத்திய பாசறையே சாரணியத்தின் பிறப்பிடம் என்பர். ஐந்தே ஆண்டில், 1912இல், அது எமது தீவின் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. அக்காலந் தொட்டுச் சாரணருக்குச் சொல்லப்படுவது ஒன்றே: நீர், விறகு, வடிகால், காற்று, காலை வெயில், காணிக்காரரின் அனுமதி ஆகிய இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே காட்சியைப் பார். நாமோ, உண்மையைச் சொன்னால், காட்சியைத்தான் முதலிற் பார்க்கிறோம். சுற்றுலா விளம்பரப் படங்களும் அதையே காட்டுகின்றன. கூடாரத்தின் வாயிலுக்கு நேரே நீர்வீழ்ச்சி. பக்கத்திலே ஒருவர் தேநீர்க் கோப்பையோடு நிற்பார். அவரது படுக்கை நனைந்திருந்ததா என்பதைப் படம் சொல்வதில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் இடந்தெரிவோர் முதலிற் காற்றைக் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் அக்காற்றே மலைநாட்டில் தென்மேல் பருவக்காற்றாக மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசுகிறது. அது கொண்டுவரும் நீரையெல்லாம் மலைகளின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு ஊவாவுக்கும் கிழக்குக் கரைக்கும் இறங்குகிறது. ஆகையால் ஒரே நாளில் ஹட்டனில் குடையும் பதுளையில் விசிறியும் தேவைப்படும். மார்கழியிலோ நிலைமை மறுதலை. இதனை வகுப்பிலே பல்லாண்டு கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறோம். படத்தில் அம்புக்குறி போடுவது எளிது. அந்த அம்புக்குறியின் கீழ்ப் போய்ப் படுப்பவனுக்கே அதன் பொருள் தெரியும்.

மகன் கேட்டது ஹோட்டன் சமவெளி. அவன்மீது குற்றமில்லை. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில் அப்படி ஒரு புல்வெளியை இந்நாட்டில் வேறெங்கும் காண முடியாது. சிங்கள மக்கள் மகா எலிய என்று வழங்கிய அவ்வெளிக்கு, 1831 முதல் 1837 வரை இங்கே தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கே ஊற்றுக்கண் உண்டு. வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்றால், குறித்த இடங்களிற் கூடாரம் அடித்துத் தங்கலாம். தை, மாசி மாதங்களிற் போனால் விடியற்காலையிற் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். பகலோ பளிச்சென்று இருக்கும். ஆனால் ஆகஸ்டில்? மூடுபனி, தூறல், ஓயாத காற்று. உலக முடிவின் விளிம்பில் நின்றால் ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்தது போலிருக்கும். நாம் கண்டு திரும்பிய அனுபவம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எழுபது வயது மூதாட்டியை அவ்விடம் கொண்டுபோவது பாவம் என்று தள்ளினோம். மகன் முகஞ்சுளித்தான். மாசியிற் போகலாம் என்று வாக்களித்தோம். அவ்வாக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நிலாவெளியை இல்லாள் சொன்னாள். ஆகஸ்டிலே கிழக்குக் கடல் குளம் போலக் கிடக்கும், அதிலே ஐயமில்லை. ஆனால் மணலில் முளை நில்லாது. முளைக்குப் பதிலாகக் கட்டை ஒன்றைக் கயிற்றின் நுனியிற் குறுக்காகக் கட்டி முழ ஆழத்திற் புதைக்க வேண்டும்; அப்படிச் செய்தாலும் பகலில் நிழலுக்கு எங்கே போவது? தென்னந்தோப்புக்குள் அடிக்கலாம் என்றாள். அன்னையார் இருந்த திசையை நாம் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் நிலாவெளி அத்தோடு முடிந்தது.

வில்பத்துவின் வில்லுக்கரையிலே தங்கி வந்த நண்பர் ஒருவர் அதன் அழகைச் சொல்லி முடிப்பதில்லை. சிறுத்தையும் கரடியும் யானையும் உலவும் காட்டுக்குள், எட்டு வயதுப் பெண்ணை இரவில் வெளியே அழைத்துப் போக நேருமே என்ற கவலை எமக்கு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவஸ்டன் பக்கம் சோளகக் காலத்துக் காற்றுக்கு எமது சாரணர் கூடாரம் அரைநாள் நின்றால் அதிகம்.

எஞ்சியது ஊவாவின் ஓரம். ஹப்புத்தளைக்குத் தெற்கே மலைநாடு சுவர் இடிந்தாற்போற் சட்டென்று தாழ்ந்து விடுகிறதல்லவா? அச்சுவரின் அடியிலே, கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர் பெலிகுல் ஓயா. ஏறத்தாழ 600 மீற்றர் உயரம், குளிருமில்லை, புழுக்கமுமில்லை. ஹோட்டன் சமவெளியிற் பிறந்து விழுந்து வரும் ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. ஆற்றங்கரையிலே சிங்களப் பெரியவர் ஒருவர் தம் காணியில் கூடாரம் அடிக்க இடம்விடுகிறார், அறையும் இரண்டு உண்டு, குளியலறையும் உண்டு என்று உடன் கற்பிக்கும் ஆசிரியர் சொன்னார். இல்லாளின் கேள்விக்கும் விடை கிடைத்தமையால் அவ்விடமே முடிவாயிற்று.

சாரணர் படையின் கித்தான் கூடாரத்தைக் கடிதம் எழுதிக் கொடுத்து இரவல் பெற்றோம். வாடகை வானிற் புறப்பட்டு, முதலிரவைக் கண்டியிற் கழித்து, மறுநாள் நுவரெலியா, வெலிமடை, ஹப்புத்தளை வழியாக இறங்கினோம். பெரகலைச் சந்தியிலே வழி இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஹல்துமுல்லை கடந்து எமது இடத்துக்குச் செல்கிறது. இடப்பக்கம் கொஸ்லந்தைக்கும், 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சிக்கும் செல்கிறது. அந்நீர்வீழ்ச்சியின் தலைமாட்டிற் கூடாரம் அடிப்பது இளைஞரிடையே பெரிய விருப்பமாகிவிட்டது. அதே வழியில்தான் மீரியபெத்தையும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடிய தோட்டம் அது. அச்சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். இருந்தும் அம்மக்கள் அங்கேயே இருந்தார்கள். வேறு இடம் அவர்களுக்கு இருக்கவில்லை. படத்தை விரித்து, இது குளிர், அது காற்று என்று இடம் இடமாக நாம் தள்ளிக்கொண்டிருந்த மேசை எமக்கு அச்சந்தியில் நினைவு வந்தது. சாரதி தேநீர் குடித்து வரும்வரை இடப்பக்கத்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெலிகுல் ஓயாவை அடைந்தோம். இடத்தைக் கண்டதும் எமது படிப்பு அவ்வளவும் பறந்துபோயிற்று. ஆறு வளைந்து திரும்பும் இடத்திலே வெண்மணல் திட்டு ஒன்று. அதன்மேல் மருதமரக் கிளைகள் பந்தலிட்டிருந்தன. நீர் கணைக்கால் அளவே இருந்தது, கூழாங்கற்களை எண்ணிவிடலாம். நிமிர்ந்தாற் சமவெளியின் விளிம்பு வானத்திலே நீலச் சுவராய் நின்றது. நாமும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விளம்பரப் படத்திலுள்ள இடம் இதுவேதான். அவன் முளைகளைப் பரப்பத் தொடங்கிவிட்டான். நாம் கித்தானை விரித்தோம்.

அன்னையார் குடையை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தார். வந்தவர் ஆற்றைப் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. குடையின் நுனியால் மணலை இரண்டு மூன்று இடத்திற் குத்தினார். பின் ஒரு மருதமரத்தண்டை சென்று, தம் முழங்கால் உயரத்திற் சிறு கிளைகள் கவர்விடும் இடத்தைக் குடையாலே தொட்டுக் காட்டினார். அங்கே காய்ந்த சருகும் புல்லும் ஒரு பொலித்தீன் துண்டும் திரளையாகச் சிக்கியிருந்தன.

"இந்தச் சருகை ஆர் தம்பி இதிலை கொண்டுவந்து வைச்சது?"

நாம் வாய் திறக்கவில்லை. மேலே ஆயிரத்தைந்நூறு மீற்றர் உயரத்தில் தென்மேல் பருவ மழை பெய்துகொண்டிருக்கிறது. அங்கே விழும் நீர் இங்கே வெயில் எறிக்கும்போதே வந்து சேரும். சாதாரண தரப் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் ஒருவனுக்கு இது தெரியாததன்று. தெரிந்திருந்தும் கித்தானை விரித்துவிட்டோம். அழகுக்கு அவ்வாற்றல் உண்டு போலும்.

காணிக்காரராகிய பெரியவர் அப்போது கீழே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்னையாருக்குச் சிங்களம் தெரியாது. அவரும் நேரே அதே மரத்தடிக்குச் சென்று அதே சருகைத் தொட்டு, கையை உயர்த்திக் காட்டித் தலையை அசைத்தார். பிறகு அவர்கள் இருவருமாகக் காணியைச் சுற்றி நடந்தார்கள். மேட்டிலே ஒரு தட்டையான இடத்தைப் பெரியவர் காட்டினார். அன்னையார் அண்ணாந்து பார்த்து, அங்கே நின்ற மரத்தின் பட்டுப்போன கொப்பு ஒன்றைச் சுட்டினார். பெரியவர் சிரித்துவிட்டார். அப்பால் இருபது அடி தள்ளி இன்னோர் இடம். அன்னையார் குனிந்து புல்லைப் பார்த்தார். எறும்புப் புற்று இருக்கிறதா என்று பார்த்தார். சருகு தேங்கிக் கிடக்கவில்லை என்பதையும் கண்டார். சருகு தேங்கும் இடத்தில் மழைநீரும் தேங்கும் என்பதை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை. கிழக்கு எது என்று எம்மைக் கேட்டார். காட்டினோம்.

"வாசலை இஞ்சாலை வை. தலைமாட்டை மேட்டுப்பக்கம் வை. சுத்திவர ஒரு சாண் வாய்க்கால் வெட்டு."

அவ்விடத்திலிருந்து ஆறு பாதிதான் தெரிந்தது. மகனுக்கு மனக்குறை. ஆயினும் அப்பம்மாவின் சொல்லுக்கு எதிர்ச்சொல் அவன் சொல்வதில்லை. சாரணர் படையில் இரண்டு பேர் அரைமணி நேரம் செய்யும் வேலையை, கதிரையில் இருந்தபடி குடையால் ஏவி அவர் பதினைந்து நிமிடத்திற் செய்வித்தார். கயிற்றை அவன் கட்டிய முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. தாமே அவிழ்த்து வேறொன்று போட்டார். அதன் பெயர் என்ன அப்பம்மா என்று அவன் கேட்டான். "முடிச்சுக்குப் பேரும் இருக்கே?" என்றார் அவர்.

இரவு மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு உண்டோம். எம் இல்லாள் அறையின் கட்டிலிலே அன்னையாருக்குப் படுக்கை விரித்துவைத்திருந்தாள். பிள்ளைகள் உறங்கினரா என்று பார்த்துவர டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தவரின் சேலைத் தலைப்பை மகள் பிடித்துக்கொண்டாள். சிறிது நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றவர் திரும்பி வரவில்லை. ஈற்றில் எம் இல்லாள் கட்டிலிலும், நாம் நால்வரும் கூடாரத்திலுமாக உறங்க நேர்ந்தது. அன்னையார் வாசலோரமாகப் படுத்தார். கொடிகாமத்திலும் அவர் அப்படித்தான் படுத்தார் என்பது எமக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். ஏதோ மாறியதை உணர்ந்து விழித்தோம். மழை இல்லை, வானத்தில் உடுக்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆற்றின் ஓசைதான் மாறியிருந்தது. மாலையிற் சலசலத்தது இப்போது அடித்தொண்டையால் உறுமியது. அன்னையார் முன்னரே எழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு வாசலில் அமர்ந்திருந்தார்.

"கேக்குதே? தண்ணி கூடிப்போச்சு."

டோர்ச்சோடு இறங்கிப் பார்த்தோம். மணற்றிட்டிற் பாதியை நீர் மூடியிருந்தது. பெரிய வெள்ளம் என்று சொல்வதற்கில்லை. அங்கே படுத்திருந்தாலும் உயிருக்கு மோசம் வந்திராது. பாயும் துணியும் நனைந்திருக்கும். இருளில் இரு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கல்லிலும் வேரிலும் தடுக்கி ஏறியிருப்போம். அவ்வளவே. திரும்பி வந்து அவருக்கருகில் அமர்ந்தோம். நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

"கொடிகாமத்திலை ஒரு நாள் விடிய விடிய மழை பெய்தது, நினைவிருக்கே?" என்றார்.

"இருக்கு அம்மா. விடிய எழும்பேக்கை உங்கடை சேலை எல்லாம் நனைஞ்சு கிடந்தது. தண்ணி அள்ளப் போனனான் எண்டு சொன்னியள்."

"காத்துக்கு ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து போச்சு. தறப்பாளின்ரை மூலையைக் கையாலை பிடிச்சுக்கொண்டு வெளியிலை நிண்டனான். நீங்கள் மூண்டு பேரும் நல்ல நித்திரை. எழுப்ப மனம் வரேல்லை."

இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்செய்தி எமக்குத் தெரிந்திருக்கவில்லை. தங்கையருக்கும் தெரியாது. நாம் என்ன சொல்வதென்று அறியாது, உள்ளே போய்ப் படுங்கோ அம்மா, குளிர்கிறது என்று மட்டும் சொன்னோம். இந்தக் கயிறு அறாது, நல்ல கயிறு என்று தொட்டுப் பார்த்துவிட்டு அவர் படுத்துக்கொண்டார். நாம் வாசலிலே இருந்தோம்.

காலை ஆறரைக்கு வெயில் அவர் சொன்ன திசையிலிருந்து நேரே கூடாரத்து வாசலுக்கு வந்தது. பனியில் நனைந்த கித்தான் ஏழரைக்குள் உலர்ந்துவிட்டது. நீரும் வடிந்துவிட்டிருந்தது, மணற்றிட்டில் அது ஏறிய எல்லை ஒரு கோடாகத் தெரிந்தது. மகன் அக்கோட்டை அடியால் அளந்து சாரணர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அம்மணலிலேயே அன்று முழுவதும் பிள்ளைகள் விளையாடினர். பகலில் ஆற்றங்கரை, இரவில் மேடு என்று ஒழுங்கு தானாகவே அமைந்தது. மூன்று இரவு தங்கினோம். மற்ற இரண்டு இரவும் ஆறு அமைதியாகவே ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புறப்படும் அன்று கூடாரத்தை மடித்தது அன்னையாரே. காற்றை உதறி, நீளவாக்கில் மூன்றாய் மடித்துச் சுருட்டினார். சாரணர் படையிலிருந்து நாம் பெற்று வந்த பொதியிலும் அது சிறிதாயிற்று. காணிக்காரப் பெரியவர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து அவர் கையிலே கொடுத்தார். இருவரும் தத்தம் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டனர்.

ஒரே ஓட்டமாகத் திரும்பினோம். ஆனையிறவைக் கடக்கும்போது இருட்டிவிட்டது. உப்பளத்துப் பக்கமிருந்து சோளகம் வானின் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் உறங்கிவிட்டனர். அன்னையாரும் உறங்குகிறார் என்றே எண்ணினோம்.

"தம்பி, அடுத்த முறை கடற்கரைப் பக்கம் போவமே? அவள் பிள்ளை ஆசையாக் கேட்டவள்."

இல்லாள் எம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

"போவம் அம்மா."

"தென்னை இல்லாத இடமாப் பார்."